நாவலுக்கு எடிட்டர் எதற்கு? திருகோணமலையிலிருந்து ஒரு பார்வை

திருகோணமலையில் அண்மையில் வெளிவந்த ஒரு நாவலை எடுத்து முதல் பத்துப் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். வாழ்த்துரை இருக்கும். அணிந்துரை இருக்கும், சில வேளை இரண்டு மூன்றுகூட. ஆசிரியரின் என்னுரையில் தட்டச்சு செய்த பிள்ளைக்கும், அட்டைப்படம் வரைந்தவருக்கும், அச்சகத்தாருக்கும், பொறுமை காத்த வீட்டுக்காரருக்கும் நன்றி இருக்கும். இந்தக் கதையை அச்சுக்குப் போகுமுன் வரி வரியாக வாசித்து, "இந்த அத்தியாயம் இங்கே எதற்கு?" என்று ஆசிரியரோடு வாதாடிய ஒருவரின் பெயர் அநேகமாக இருக்காது. பெயரைப் போட மறந்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் அப்படி ஒருவர் இருந்திருக்கவே மாட்டார்.

இதை யாரையும் குறை சொல்வதற்காக எழுதவில்லை. இந்த மாவட்டத்தில் எழுதுகிறவர்களிடம் கதைக்குப் பஞ்சமில்லை. போர், இடப்பெயர்வு, கடல், மூன்று இனத்தவரும் அருகருகே வாழும் ஊர்கள், கொட்டியாரக்குடாவின் இரு கரைகள் என்று எத்தனையோ நாவலுக்கான பொருள் இங்கே கிடக்கிறது. அந்தப் பொருள் அரைவேக்காட்டுப் பிரதியாக அச்சேறி, வெளியீட்டு விழாவில் விற்று, மிச்சம் வீட்டு அலுமாரியில் அடுக்கப்படுவதைப் பார்க்கும்போது மனம் கேட்பதில்லை. நடுவில் ஒரு படி விடுபட்டுப் போகிறது. அந்தப் படி என்ன, அது நாவலுக்கு என்ன செய்கிறது, நம்மிடம் ஏன் அது வளரவில்லை என்பதைத்தான் இங்கே சொல்லப் பார்க்கிறேன்.

எடிட்டர் என்றதும் எழுத்துப்பிழை பார்ப்பவர் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். ரகர றகரம், ஒற்று மிகும் மிகாத இடம், கால்புள்ளி. அது மெய்ப்புப் பார்க்கும் வேலை. தேவையான வேலைதான், ஆனால் கடைசியாக வருவது. அதற்கு முன் வசனத்தைச் செப்பனிடும் வேலை இருக்கிறது. அதற்கும் முன் தகவல், காலம், பாத்திரங்களின் வயது, உறவுமுறை எல்லாம் முன்னுக்குப்பின் பொருந்துகிறதா என்று பார்க்கும் வேலை. எல்லாவற்றுக்கும் முதலில் வருவதுதான் பெரிய வேலை: இது யாருடைய கதை, எங்கே தொடங்க வேண்டும், எங்கே வாசகரைக் கைவிட்டுவிடுகிறது என்று முழுப் பிரதியையும் வைத்துக்கொண்டு கேட்பது. நாவலைப் பொறுத்தவரை எடிட்டரின் மதிப்பில் முக்கால்வாசி இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

உலகம் கொண்டாடும் சில நாவல்களுக்குப் பின்னால் இந்தக் கேள்வி எப்படி வேலை செய்தது என்பதற்குப் பதிவுகள் இருக்கின்றன. அமெரிக்காவில் ஸ்கிரிப்னர்ஸ் பதிப்பகத்தில் மாக்ஸ்வெல் பேர்க்கின்ஸ் என்றொரு எடிட்டர் இருந்தார். 1924இல் ஸ்கொட் ஃபிட்ஸ்ஜெரால்ட் தன்னுடைய 'த கிரேட் கேட்ஸ்பி' பிரதியைப் பிரான்ஸிலிருந்து அவருக்கு அனுப்பினார். பேர்க்கின்ஸ் அந்த ஆண்டு நவம்பரில் எழுதிய பதில் முதலில் மனதாரப் பாராட்டுகிறது. பிறகு விஷயத்துக்கு வருகிறது. மற்றப் பாத்திரங்கள் எல்லாம் கண்முன் நிற்கிறார்கள், கேட்ஸ்பி மட்டும் மங்கலாக இருக்கிறார்; அவருடைய பணம் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஆங்காங்கே சின்னச் சின்னக் குறிப்புகளாவது வேண்டும்; அவருடைய கடந்தகாலத்தை ஒரே இடத்தில் கொட்டாமல் கதையோடு பிரித்துப் பிரித்து விடலாமே என்கிறார். இவ்வளவுதான். எப்படி எழுத வேண்டும் என்று ஒரு வசனமும் அவர் எழுதிக் கொடுக்கவில்லை. ஃபிட்ஸ்ஜெரால்ட் அச்சுக்கோத்து வந்த மெய்ப்புத் தாள்களிலேயே அத்தியாயங்களை மாற்றியடுக்கித் திருத்தி எழுதினார். 1925 ஏப்ரலில் நாவல் வெளிவந்தது.

இன்னொன்று, எனக்கு இதைவிடவும் பிடித்தது. இங்கிலாந்தில் வில்லியம் கோல்டிங் என்ற பாடசாலை ஆசிரியர் எழுதிய நாவலைப் பல பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிவிட்டன. பக்கங்கள் பழுப்பேறிக் கசங்கிய நிலையில் ஃபேபர் பதிப்பகத்துக்கு வந்து சேர்ந்தபோது, அங்கே முதலில் வாசித்தவர் சலிப்பூட்டும் குப்பை என்ற பொருள்பட எழுதி நிராகரிப்புப் பக்கம் தள்ளிவிட்டார். சார்ள்ஸ் மொன்டீத் அப்போதுதான் அங்கே வேலைக்குச் சேர்ந்திருந்தார். அதற்கு முன் சட்டத்துறையில் இருந்தவர். அவர் அந்தப் பிரதியை எடுத்து வாசித்தார். நாவல் அணுகுண்டுப் போரைப் பற்றிய நீண்ட விவரிப்போடு தொடங்கியது. தீவில் சிறுவர்கள் வந்து சேர்ந்த பிறகுதான் கதைக்கு உயிர் வருகிறது என்பது அவருக்குப் புரிந்தது. முன்பகுதியை எடுத்துவிடச் சொன்னார். சைமன் என்ற சிறுவனைக் கடவுளின் அருள் பெற்றவன்போல வெளிப்படையாகக் காட்டியிருந்ததைக் குறைக்கச் சொன்னார். தலைப்பும் மாறியது. 1954இல் 'லோர்ட் ஒஃப் த ஃப்ளைஸ்' வந்தது. 1983இல் கோல்டிங்குக்கு நோபல் பரிசு கிடைத்தது. முதல் சில பக்கங்களோடு வாசிப்பை நிறுத்திவிட்டவருக்கும், அந்தப் பக்கங்களை எடுத்துவிட்டால் மிச்சம் என்னவாகும் என்று யோசித்தவருக்கும் இடையே ஒரு நாவலின் ஆயுளே கிடந்தது.

அமெரிக்க எழுத்தாளர் ஹார்ப்பர் லீயின் கதை வேறு விதமானது. 1957இல் லிப்பின்கொட் பதிப்பகத்துக்கு அவர் கொடுத்த பிரதியில், வளர்ந்த பெண் ஒருத்தி சொந்த ஊருக்குத் திரும்பி வருகிறாள். நடுநடுவே சிறுவயது நினைவுகள் வருகின்றன. டே ஹோஹோஃப் என்ற பெண் எடிட்டர் அதில் திறமையைக் கண்டார். அதே சமயம் அது தனித்தனிச் சம்பவங்களாகக் கிடக்கிறது, இன்னும் நாவலாகவில்லை என்றும் கண்டார். இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக இருவரும் சேர்ந்து உழைத்த பிறகு, அந்தச் சிறுவயதுப் பகுதியே முழுக் கதையாக எழுந்து, 1960இல் 'டு கில் எ மொக்கிங்பேர்ட்' ஆக வெளிவந்தது. முதற் பிரதி 2015இல் 'கோ செட் எ வொட்ச்மன்' என்ற பெயரில் தனி நூலாகவே வந்துவிட்டதால், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாரும் வாசித்துப் பார்க்கலாம். எடிட்டிங் என்றால் என்ன என்று கேட்கும் இளம் எழுத்தாளர்களுக்கு நான் சொல்வது இந்த இரண்டையும் வாசியுங்கள் என்றுதான். வெட்டித் தைத்த வேலையல்ல அது. எந்தக் கதை உள்ளே ஒளிந்திருக்கிறது என்று ஒருவர் பார்த்துச் சொன்னார், மற்றவர் உட்கார்ந்து அதைத் திரும்ப எழுதினார்.

வெளிநாட்டுக் கதை போதும். நம்முடைய கடற்கரைக்கு வருவோம். விளக்குவதற்காக நானே ஒரு பத்தியை எழுதிக் காட்டுகிறேன். நிலாவெளிப் பக்கத்து மீனவக் கிராமம் ஒன்றில் நடக்கும் நாவல் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதற் பிரதியில் இப்படி இருக்கிறது:

"அந்த அழகிய மாலைப் பொழுதில் கதிரவன் தன் பொற்கதிர்களைச் சுருக்கிக்கொண்டு கடலுக்குள் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தான். செல்வமலர் தன் கணவன் திரும்பி வருவானோ மாட்டானோ என்ற ஏக்கத்துடன் கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய உள்ளம் சுக்குநூறாக உடைந்தது. வறுமை என்னும் கொடிய அரக்கன் அந்தக் கிராமத்தையே விழுங்கிக்கொண்டிருந்தான்."

எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. மெய்ப்புப் பார்ப்பவர் ஒரு கோடும் போடாமல் கடந்துவிடுவார். எடிட்டர் ஓரத்தில் எழுதும் குறிப்புகள் வேறு மாதிரி இருக்கும். நிலாவெளியில் சூரியன் கடலிலிருந்து எழும்பும், கடலுக்குள் இறங்காது. இவள் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறாள்? கணவன் எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டியவன், மற்றத் தோணிகள் வந்துவிட்டனவா? உள்ளம் உடைந்தது என்று நீங்கள் சொல்லாமல் எனக்கு அது தெரிய வழியுண்டா? வறுமையைப் பற்றி முன்னமே இரண்டு இடத்தில் சொல்லிவிட்டீர்கள். இந்த வீட்டுக்குச் சம்மாட்டியிடம், அதாவது தோணியும் வலையும் வைத்திருக்கும் முதலாளியிடம், கடன் உண்டா, எவ்வளவு?

இந்தக் கேள்விகளை வைத்துக்கொண்டு ஆசிரியர் திரும்ப எழுதினால் இப்படி வரலாம்:

"மற்றத் தோணிகள் எல்லாம் கரைக்கு வந்துவிட்டன. வெயில் வாடிக்குப் பின்னால் இறங்கி, செல்வமலரின் நிழல் தண்ணீர் மட்டும் நீண்டு கிடந்தது. சம்மாட்டி கணக்குக் கொப்பியை மூடிக்கொண்டு எழும்பினார். 'இருட்டப் போகுது, வீட்ட போ பிள்ளை' என்றார். முற்பணத்தைப் பற்றி அவர் இன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது."

இரண்டாவது பத்தியை எடிட்டர் எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள். அதை எழுதத் தேவையான அறிவு ஆசிரியரிடம்தான் இருந்தது. சூரியன் எந்தப் பக்கம் இறங்கும் என்று அந்தக் கரையில் பிறந்தவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் எழுத உட்கார்ந்ததும், கண்ணால் கண்ட கடலை விட்டுவிட்டு, வாசித்த கதைகளிலும் பார்த்த படங்களிலும் இருந்த கடல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. தனக்குத் தெரிந்ததைத் தனக்கே நினைவூட்ட இன்னொருவர் வேண்டியிருக்கிறது. நாவலாசிரியருக்குத் தன் பிரதி பழகிப்போய்விடும். எழுதாமல் விட்டதையும் மனம் தானே நிரப்பிக்கொண்டு வாசிக்கும். மூன்றாவது தடவை தானே திருத்துவதைவிட, நல்ல வெளி வாசகர் ஒருவர் ஒரு தடவை வாசிப்பது அதிகம் உதவுவது அதனால்தான்.

தகவல் பொருத்தம் இந்த மாவட்டத்து நாவல்களில் தனிக் கவனம் கேட்கும் விஷயம். நம்முடைய கதைகள் பெரும்பாலும் நடந்த நிகழ்வுகளோடு ஒட்டி நடக்கின்றன. வாசிக்கிறவர்களில் பாதிப்பேர் அந்த நாளில் அந்த இடத்தில் நின்றவர்கள். 2005இல் நடக்கும் அத்தியாயத்தில் கதாநாயகன் கிண்ணியாப் பாலத்தின் மேல் பஸ்ஸில் போனால், கிண்ணியா வாசகர் அந்த இடத்திலேயே புத்தகத்தை மூடிவிடுவார். பாலம் திறக்கப்பட்டது 2009இல், அதற்கு முன் 'பாதை' என்று ஊரார் சொல்லும் மிதவையில்தான் ஏறிக் கடக்க வேண்டும். சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, போயா நாளும்கூட. அன்று காலை வகுப்பறையில் பாடம் நடத்திக்கொண்டிருக்கும் ஆசிரியை நாவலில் வந்தால் கேள்வி எழும். வாடைக்காலத்தில், கடல் கொந்தளிக்கும் மார்கழியில், வெளிக்கடற்கரையில் கரைவலை இழுத்து அம்பாப் பாடுகிறார்கள் என்றால் அதைக் கடலோடு பிழைப்பவர் நம்பமாட்டார். 1942 ஏப்ரல் 9 ஜப்பானிய விமானத் தாக்குதலையும், 1964 டிசம்பர் சூறாவளியையும் பாட்டி ஒருத்தி நினைவுகூர்ந்தால், அவள் பிறந்த ஆண்டு இரண்டுக்கும் பொருந்த வேண்டும். இதையெல்லாம் பார்ப்பதற்கு எடிட்டர்கள் செய்யும் வேலை எளிமையானது: ஒரு கொப்பியை எடுத்து, அத்தியாயம் வாரியாக ஆண்டு, மாதம், பாத்திரத்தின் வயது, யார் யாருக்கு என்ன முறை என்று எழுதிக்கொண்டே வாசிப்பது. முப்பதாவது அத்தியாயத்தில் பெரியம்மா சித்தியாகிவிடுவது இந்தக் கொப்பியில்தான் பிடிபடும்.

நம்முடைய ஊருக்கு இந்த வேலை அந்நியமானது என்று யாரும் சொல்ல முடியாது. ஈழத்துத் தமிழ் நாவலின் தொடக்கத்திலேயே திருகோணமலை இருக்கிறது. திருகோணமலை எஸ். இன்னாசித்தம்பியின் 'ஊசோன் பாலந்தை கதை' 1891இல் வந்தது. இந்த மண்ணைச் சேர்ந்த தி. த. சரவணமுத்துப்பிள்ளை சென்னையில் இருந்து எழுதிய 'மோகனாங்கி' 1895இல் வந்தது; தமிழின் முதல் வரலாற்று நாவலாகப் பலரும் அதைத்தான் சொல்கிறார்கள். சரவணமுத்துப்பிள்ளையின் தமையன் த. கனகசுந்தரம்பிள்ளை பழந்தமிழ் நூல்களைப் பரிசோதித்துப் பதிப்பித்த அறிஞர். அது உ. வே. சாமிநாதையரும், நம்முடைய சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையும் ஏடுகளை ஒப்பிட்டுப் பாடபேதம் பார்த்து நூல்களை மீட்டுக்கொண்டிருந்த காலம். ஒரே வீட்டில் ஒரு பிள்ளை நாவலாசிரியர், ஒரு பிள்ளை பதிப்பாசிரியர். திருகோணமலைக்காரர் யாரும் பெருமையோடு நினைக்க வேண்டிய வீடு அது.

ஏட்டுச்சுவடிப் பதிப்பில் ஆசிரியர் உயிரோடு இல்லை. அவர் எழுதியது இதுதான் என்று கண்டுபிடிப்பதே பதிப்பாசிரியரின் கடமை. தன் விருப்பத்துக்கு ஒரு சொல்லையும் மாற்றக்கூடாது. அந்த ஒழுக்கத்தை நாம் நூறு ஆண்டுகளுக்கு மேலாக மதித்து வந்திருக்கிறோம், மதிக்கவும் வேண்டும். உயிரோடு இருக்கும் ஆசிரியரின் முடியாத பிரதியோடு உட்காரும் வேலை வேறு. அதற்கு இங்கே ஒரு மரபு உருவாகவில்லை. பத்திரிகைகள் ஓரளவு அந்த இடத்தை நிரப்பின. ஈழகேசரியும் வீரகேசரியும் தினகரனும் தொடர்கதைகளைப் போட்டன. 1970களில் வீரகேசரி பிரசுரம் ஈழத்து நாவல்களை வரிசையாக வெளியிட்டது, திருகோணமலை நா. பாலேஸ்வரியின் நாவலும் அதில் வந்தது. பத்திரிகை ஆசிரியர் ஒருவர் பிரதியை வாசித்துத் தெரிவுசெய்கிறார் என்பதே அப்போது ஒரு வடிகட்டல். ஆனால் வாரத்துக்கு ஓர் அத்தியாயம் என்று ஓடும் கதையில், பதினைந்தாவது வாரத்தில் முதல் வாரத்தை மாற்ற முடியாது. ஒவ்வொரு வாரமும் ஒரு திருப்பத்தோடு முடிய வேண்டும் என்ற கட்டாயமும் உண்டு. அந்தப் பழக்கம் இன்றைக்கும் நம் நாவல்களில் தெரிகிறது: ஒவ்வோர் அத்தியாயக் கடைசியிலும் ஒரு கதவு தட்டப்படும்.

தமிழ்நாட்டில் இதை ஒரு தொழில்முறையாகவே செய்தவர் க்ரியா எஸ். ராமகிருஷ்ணன். 1974இல் தொடங்கிய க்ரியா பதிப்பகம், எழுத்தாளரோடு நீண்ட காலம் உட்கார்ந்து பிரதியைச் செம்மைப்படுத்துவதில் பெயர் பெற்றது. இமையத்தின் முதல் நாவலான 'கோவேறு கழுதைகள்' 1994இல் அங்கேதான் வந்தது. 2020இல் ராமகிருஷ்ணன் காலமானபோது எழுத்தாளர்கள் எழுதிய அஞ்சலிகளில் திரும்பத் திரும்ப வந்தது அவருடைய எடிட்டிங்தான். தமிழில் இது நடக்காது என்று சொல்கிறவர்களுக்கு அவருடைய வாழ்க்கையே பதில்.

சரி, திருகோணமலையில் ஏன் நடப்பதில்லை? முதற் காரணம் காசு. இங்கே நாவல் எழுதுகிறவர்தான் பெரும்பாலும் வெளியீட்டாளர். சேமிப்பிலிருந்தோ, வெளிநாட்டில் இருக்கும் மச்சானிடம் கேட்டோ சில நூறு பிரதிகள் அடிக்கிறார். தட்டச்சு, பக்க வடிவமைப்பு, அட்டை, அச்சு, வெளியீட்டு விழா, தேநீர், எல்லாவற்றுக்கும் கணக்கு இருக்கும். வாசித்துச் சொல்வதற்குக் காசு கொடுப்பது என்ற வரி அந்தக் கணக்கிலேயே இல்லை. ஆனால் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஓப்செட் அச்சில் 16 பக்கம் ஒரு ஃபோம். 304 பக்க நாவல் 19 ஃபோம். திரும்பச் சொன்னதையும் தேவையில்லாத கிளைக்கதையையும் எடுத்து 240 பக்கமாக்கினால் 15 ஃபோம். நான்கு ஃபோமுக்கான கடதாசியும் அச்சுக்கூலியும் மிச்சம். எடிட்டருக்குக் கொடுப்பதில் ஒரு பங்காவது அதிலிருந்தே வந்துவிடும்.

இரண்டாவது காரணம் நம்முடைய மரியாதை. ஊர் சின்னது, எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். பிரதியை எழுத்தாளர் யாரிடம் கொடுக்கிறார்? தனக்குத் தமிழ் படிப்பித்த, ஓய்வுபெற்ற ஆசிரியரிடம். "சேர், பிழை இருந்தாத் திருத்துங்கோ. அப்படியே ஒரு அணிந்துரையும் தந்தீங்களெண்டா நல்லது." இந்த இரண்டு வசனத்திலேயே வேலை கெட்டுப்போகிறது. அணிந்துரை என்பது வாழ்த்து. வாழ்த்தப் போகிறவர் நான்காம் அத்தியாயத்தை எடுத்து எறியச் சொல்லமாட்டார். சேரும் நல்ல மனதோடு சந்திப்பிழைகளைச் சிவப்புப் பேனாவால் திருத்தி, இரண்டு பக்கம் பாராட்டி எழுதிக் கொடுத்துவிடுவார். இளையவர் என்றால் இன்னும் சிக்கல்; மூத்த எழுத்தாளரின் நாவலில் கேள்வி கேட்டால் அடுத்த கூட்டத்தில் முகம் பார்க்க முடியாது. அணிந்துரை எழுதுபவரும் எடிட்டரும் ஒரே ஆளாக இருக்கக்கூடாது என்பதை ஒரு விதியாகவே வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, நேரம் தப்பிப்போவது. பிரதி வெளியாரிடம் வாசிப்புக்கு வருவது பெரும்பாலும் பக்க வடிவமைப்பு முடிந்து பீடிஎஃப் ஆன பிறகுதான். வெளியீட்டுத் திகதி குறித்து, அழைப்பிதழ் அடித்து, பிரதம விருந்தினரும் ஒத்துக்கொண்டாயிற்று. அந்த நேரத்தில் ஏழாவது அத்தியாயத்தை முதலாவதாக வையுங்கள் என்று யார் சொல்வார்கள், சொன்னாலும் யார் கேட்பார்கள்? பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்ததை யூனிகோடுக்கு மாற்றும்போது உடைந்த எழுத்துகளைத் தேடவே அந்த நாட்கள் போய்விடும்.

எடிட்டருக்கு அதிகாரம் கொடுத்தால் ஆபத்து இல்லையா என்ற கேள்வி நியாயமானது. ஆபத்து உண்டு. அமெரிக்கச் சிறுகதை எழுத்தாளர் ரேமண்ட் கார்வரின் 1981ஆம் ஆண்டுத் தொகுப்பை எடிட்டர் கோர்டன் லிஷ் பாதிக்கு மேல் வெட்டினார். வெளியீட்டை நிறுத்தும்படி கார்வர் 1980 ஜூலையில் கெஞ்சிக் கடிதம் எழுதினார். புத்தகம் லிஷ் வெட்டியபடியேதான் வந்தது, கார்வருக்குப் பெரும் புகழும் கொண்டுவந்தது. அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு 2009இல் வெட்டப்படாத பிரதி 'பிகினர்ஸ்' என்று வெளிவந்தபோது, வாசகர்கள் வேறொரு கார்வரைக் கண்டார்கள். நான் கார்வர் பக்கம். புத்தகம் எவ்வளவு நன்றாக வந்தாலும், ஆசிரியர் ஒத்துக்கொள்ளாத வெட்டு வெட்டுத்தான். பேர்க்கின்ஸின் கதையிலும் ஒரு கசப்பு உண்டு. அவர் எடிட் செய்த தோமஸ் வுல்ஃபின் முதல் நாவலிலிருந்து 60,000 சொற்களுக்கு மேல் எடுத்துத்தான் அது 1929இல் வெளிவந்தது. வுல்ஃபின் நாவல்களை உண்மையில் எழுதியது எடிட்டர்தான் என்ற பேச்சு கிளம்பியது. அதைத் தாங்க முடியாமல் வுல்ஃப் 1937இல் அந்தப் பதிப்பகத்தை விட்டே போனார்.

நமக்கு இன்னொரு ஆபத்தும் இருக்கிறது, கார்வருக்கு இல்லாதது. ஈழத்து நாவல் சென்னையில் அச்சாகும்போது, ஊர்ப் பேச்சைத் தெரியாத எடிட்டர் ஒருவர் கை வைத்தால், கிண்ணியாவில் ஏறிய பாதை படகாகிவிடும், கொப்பி நோட்டாகிவிடும், "எழும்பினார்" என்பது "எழுந்தார்" ஆகிவிடும். ஒவ்வொன்றும் சின்ன மாற்றம்போலத் தெரியும். இருநூறு மாற்றம் சேர்ந்தால் மூதூர்க்காரர் மூதூர்க்காரராக இருக்கமாட்டார். இந்த மாவட்டத்திலேயே தம்பலகாமத்து வயற்காரரின் பேச்சும், கிண்ணியா முஸ்லிம் வீட்டுப் பேச்சும், நகரத்துக் கந்தோர்ப் பேச்சும் ஒன்றல்ல. வ. அ. இராசரத்தினம் மூதூர்க் கரையின் வாழ்க்கையை எழுதிய கதைகள் இன்றும் நிற்பதற்கு அந்தப் பேச்சும் ஒரு காரணம். நல்ல எடிட்டர் இந்த வேறுபாட்டைக் கூர்மையாக்கச் சொல்வார்: கிண்ணியாப் பெண் பேசும் இடத்தில் அவள் வீட்டு உறவுமுறைச் சொற்கள் சரியாக வருகிறதா, எல்லாரும் ஆசிரியரைப் போலவே பேசுகிறார்களா என்று கேட்பார். அதற்கு ஊரைத் தெரிந்தவர் வேண்டும். அதனால்தான் எடிட்டர்கள் இங்கேயே உருவாக வேண்டும் என்று சொல்கிறேன். சென்னையிலும் கொழும்பிலும் தேடினால் பாதி வேலைதான் நடக்கும்.

உருவாக்குவதற்குப் பெரிய நிறுவனம் ஒன்றும் தேவையில்லை. நல்ல வாசகர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். பொது நூலகத்திலும் இலக்கியக் கூட்டங்களிலும் அவர்களைப் பார்க்கிறோம். நாவலாசிரியர் ஒருவர் வடிவமைப்புக்குக் கொடுக்குமுன் இரண்டு பேரிடம் கொடுக்கலாம்: கதை நடக்கும் இடத்தையும் தொழிலையும் அறிந்த ஒருவர், அந்த இடத்தையே தெரியாத தேர்ந்த வாசகர் ஒருவர். முன்னவர் பொய்யைப் பிடிப்பார், பின்னவர் விளங்காத இடத்தைக் காட்டுவார். இருவரிடமும் நல்லாயிருக்கா என்று கேட்கக்கூடாது. எந்தப் பக்கத்தில் வாசிப்பதை நிறுத்தினீர்கள், யாரை மறந்துவிட்டீர்கள், எதை நம்பவில்லை என்று கேட்க வேண்டும். அவர்களுடைய குறிப்புகள் பேச்சாக இல்லாமல் எழுத்தில் வர வேண்டும், வீட்டுக்குப் போய் ஆறுதலாகப் படிப்பதற்கு. முதல் நாள் கோபம் வரும். ஒரு கிழமை கழித்துத் திரும்பப் படித்தால் பாதியாவது சரியென்று தெரியும். மற்றப் பாதியை ஆசிரியர் தாராளமாக மறுக்கலாம். கடைசிச் சொல் அவருடையது என்பதை முதலிலேயே இருவரும் பேசி வைத்துக்கொள்வது நல்லது.

கூலியும் பேச வேண்டும். முந்நூறு பக்கத்தை இரண்டு தடவை ஊன்றி வாசித்துக் குறிப்பெழுதுவது கிழமைக் கணக்கில் போகும் வேலை. அதை அன்புக்காகச் செய்யச் சொன்னால், அன்புக்குரிய பதில்தான் கிடைக்கும். பணம் முடியாவிட்டால் வேலைக்கு வேலை மாற்றிக்கொள்ளலாம். நாவல் எழுதும் இருவர் ஒருவர் பிரதியை மற்றவர் வாசிப்பது பல இடங்களில் நடப்பதுதான். பதிப்புரிமைப் பக்கத்தில், தட்டச்சு, அட்டை, அச்சகம் என்று வரும் இடத்தில், செம்மையாக்கம் என்று போட்டு அவர் பெயரையும் அச்சிட வேண்டும். பெயர் வரும்போது பொறுப்பும் வரும். அடுத்த எழுத்தாளர் தேடிப் போவதற்கு ஒரு முகவரியும் கிடைக்கும். இப்போது நாவல் எழுதி முடித்துக்கொண்டிருக்கிறவர்கள் மண்டபத்துக்கு முற்பணம் கட்டுமுன் ஓர் ஆறு மாதத்தை இதற்காக ஒதுக்கிவைத்தால், தொடங்குவதற்கு அது போதும்.